ஆறாவது திரி

கண்ணைக் கட்டி உட்கார வைத்தாலும் ஒரு கூடைப்பந்துத் தளம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லிவிடுவேன். காது போதும். நல்ல மரத்தளத்தில் ஒரு பிள்ளை ஓடிவந்து சட்டென்று நின்றால் ஷூ ‘கீச்’ என்று கத்தும். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஓடினால் கோழிப்பண்ணைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். புதிதாகக் கேட்பவர்களுக்குப் பல் கூசும். எனக்கு அதைவிட நிம்மதியான சத்தம் வேறு கிடையாது.

அன்று பிற்பகல் அந்தச் சத்தத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

ஆட்டத்துக்கு முன்பான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு பாதியில் பூடான் பிள்ளைகள், இன்னொரு பாதியில் நம் பிள்ளைகள். அரங்கம் முழுக்கக் கீச் கீச் என்று கத்துகிறது. நடுவட்டத்துக்கு யாராவது வந்தால் மட்டும் சத்தம் நின்றுபோகிறது. உருண்டுபோன பந்தை எடுக்க வந்த ஒருத்தி, நிற்க நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போய் நின்றாள். சிரித்துக்கொண்டே திரும்பி ஓடியும் விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ராணி, செங்கல்பட்டுக்காரி. ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடினேன். அந்த ஆட்டத்தால் ஓர் அரசு வேலை கிடைத்தது, அதிலிருந்தும் விருப்ப ஓய்வு பெற்றாயிற்று. என் முழங்கால் அதற்கு வெகு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. வாய் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது என்று என் அண்ணன் சொல்வார்.

ஐந்து முகம், ஆறு நாடு

பக்கத்து நாட்டுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஆடும் போட்டி அது. பதினாறு வயதுக்கு உட்பட்ட பெண்கள். இந்த மாதிரிப் போட்டியெல்லாம் டில்லி, பெங்களூர் என்றுதான் போகும். அந்த வருஷம் என்ன அதிர்ஷ்டமோ, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு கல்லூரி புதிதாக உள்ளரங்கம் கட்டியிருந்தது, அங்கே வந்துவிட்டது. தளத்தைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். செருப்போடு யாரும் ஏறக்கூடாது, தண்ணீர் பாட்டில் திறந்தபடி வரக்கூடாது என்று ஒரு வாரமாகக் காவல் காத்தேன். கல்லூரிப் பசங்கள் எனக்கு முதுகுக்குப் பின்னால் ‘வாட்ச்மேன் ஆன்ட்டி’ என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

முதலில் ஐந்து நாடுகள் என்றுதான் பேச்சு. இலங்கை, நேபாளம், பங்களாதேஷ், மாலத்தீவு, அப்புறம் நாம். கடைசி நேரத்தில் பூடான்காரர்களும் வருகிறோம் என்றார்கள். வந்தும் விட்டார்கள்.

துவக்க விழாவுக்கு முந்தைய நாள் எல்லாப் பிள்ளைகளையும் மாமல்லபுரம் கூட்டிப்போனோம். பூடான் பிள்ளைகள் கடலை அதுவரை பார்த்ததே இல்லை. கடற்கரைக் கோயிலை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வழிகாட்டி பல்லவர் கதையை அலைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அணியின் கேப்டன் பெமா என்கிற பெண், ஒல்லியான, நெட்டையான பெண், விரலைக் கடலில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். தோழிகள் நம்பவில்லை போல, ஒவ்வொருத்தியாகப் போய் நக்கிப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாலத்தீவுப் பிள்ளைகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடலுக்கு நடுவில் பிறந்தவர்களுக்கு வேடிக்கையாக இல்லாமல் என்ன செய்யும்.

சரி, தளம் வழுக்கியதற்குக் காரணமான விளக்குக்கு வருகிறேன்.

துவக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றாமல் நம் ஊரில் எதுவும் தொடங்காது. ஏற்றட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடையில் வையுங்கள், தளத்தில் வைக்காதீர்கள் என்றுதான் சொன்னேன். போட்டிக் குழுவின் செயலாளர் தலையை ஆட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் விளக்கு நடுவட்டத்தில் நிற்கிறது. மேலே டிரோன் பறக்குமாம், படம் எடுக்க நடுவில் இருந்தால்தான் எடுப்பாக இருக்குமாம். சுற்றிலும் ரோஜா இதழைக் கொட்டி ஒரு பாத்தி கட்டியிருந்தார்கள்.

நாட்டுக்கு ஒரு கேப்டன், கேப்டனுக்கு ஒரு முகம் என்று ஏற்பாடு. குத்துவிளக்குக்கு ஐந்து முகம். வந்திருப்பது ஆறு நாடு.

அந்தச் செயலாளர் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: கடைசியாக வந்த பிள்ளையை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. ‘இன்னொரு விளக்குக்கு எங்க போறது, ஒரு திரி சேத்துப் போடு’ என்று சொல்லி, இரண்டு முகங்களுக்கு நடுவே, விளிம்பின் மேல் படுக்கிற மாதிரி ஆறாவதாக ஒரு திரியை வைக்கச் சொன்னார். பெமா வந்து அதை ஏற்றினாள். அவர்கள் ஊரிலும் விளக்கு ஏற்றுகிற பழக்கம் உண்டாம். நம் கேப்டன் தீக்குச்சியோடு தடுமாறியபோது, அந்தப் பெண் ஒரே தொடலில் ஏற்றிவிட்டுக் கும்பிட்டாள். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போனது.

அப்புறம் பேச்சு. ஒருவர் விடாமல் பேசினார்கள். ஒருவர் பேச ஒருவர் பொன்னாடை போர்த்த, போர்த்தியவருக்கு இன்னொருவர் போர்த்த, நேரம் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை நேரமும் அந்த ஆறாவது திரி, விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டு, கிண்ணத்து எண்ணெயை உறிஞ்சி உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சொட்டியதெல்லாம் ரோஜா இதழுக்கு அடியில் போயிற்று. யார் கண்ணிலும் படவில்லை.

விழா முடிந்ததும் விளக்கைத் தூக்கினார்கள். இதழைக் கூட்டினார்கள். மேடை அலங்காரம் செய்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, எண்ணெய் இருந்த இடத்தை வட்டம் வட்டமாக, வஞ்சகமில்லாமல் தேய்த்துவிட்டார். உள்ளங்கை அளவு இருந்தது நடுவட்டம் முழுக்கப் பரவியது. தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு வேறு ஏற்றிவிட்டார்.

“ஒண்ணும் ஆவாது”

நான் ஆணையரிடம் போனேன். ஆட்டத்தைத் தொடங்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர் அவர். இலங்கையிலிருந்து வந்திருந்த பெண்மணி, தமிழர். அவரை நடுவட்டத்துக்குக் கூட்டிப்போய் என் ஷூவை அழுத்தி இழுத்துக் காட்டினேன். சத்தமே இல்லை. அவர் குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

“நல்லெண்ணெய்” என்றார்.

“ஆமாம்மா.”

“தளத்துக்குப் பொறுப்பு நீங்கள்தானே அக்கா. நீங்கள் சரியெண்டு சொன்னால் நான் தொடங்குவன். இல்லையெண்டால் இல்லை.”

அதற்குள் செயலாளர் ஓடிவந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்போடு. நான் செருப்பைப் பார்த்தேன். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இன்னா மேடம், லைவ் போயினு இருக்குது, சீஃப் கெஸ்ட்டு உக்காந்துகினு கீறாரு. தொடச்சாச்சு இல்ல? ஒண்ணும் ஆவாது, ஆரம்பிங்க.”

இந்த ‘ஒண்ணும் ஆவாது’ என்கிற வார்த்தையைக் கேட்டால் எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிடும். என் முழங்கால் போன அன்றும் ஒருவர் இதைத்தான் சொன்னார். ஏதோ ஒரு ஊர், சிமென்ட் தளம், காலையில் மழை பெய்திருந்தது. சாக்கு போட்டு ஒற்றியிருந்தார்கள். ஒண்ணும் ஆவாது ஆடும்மா என்றார்கள். வளையத்துக்குக் கீழே கால் வைத்தேன், கால் ஒரு பக்கம் போயிற்று, முட்டி ஒரு பக்கம் போயிற்று. வலி அப்புறம்தான் வந்தது. அந்த ‘டொக்’ சத்தத்தை முதலில் கேட்டது நான்தான். அதற்குப் பிறகு நான் ஆடவே இல்லை. இதைப் பற்றி முந்தைய அத்தியாயம் ஒன்றில் விரிவாகவே புலம்பியிருக்கிறேன், மறுபடி வேண்டாம்.

“ஆரம்பிக்க முடியாது” என்றேன்.

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “உங்க அண்ணன் பொண்ணு ஆடற மேட்ச்சுதான மேடம் இது? அவரு கெளம்பணும்னு அப்போலருந்து சொல்லிகினு கீறாரு. இப்ப ஆரம்பிச்சாகூட ஒரு குவார்ட்டரு பாத்துட்டுப் போவாரு. நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

அண்ணன்

என் அண்ணன் அந்தோணி, கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்களை ஏற்றிக்கொண்டு போய் வருகிற காண்ட்ராக்ட் பஸ்ஸின் டிரைவர். காலையில் கூடுவாஞ்சேரியில் தொடங்கி செங்கல்பட்டு வழியாகக் கல்பாக்கம், சாயங்காலம் அதே வழியில் திரும்பி. எங்கள் அப்பா காலத்தில் குடும்பத்தோடு அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அண்ணன் கையில் ஸ்டியரிங் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பார்த்தோம். அதனால் அவருக்கு வண்டி நேரம் என்றால் வேதவாக்கு. அவர் கல்யாணத்தன்றுகூட மாலையும் கழுத்துமாக ‘வண்டி யாரு எடுத்தது’ என்று விசாரித்தவர்.

அவர் ஒரே மகள் ஜெனி. அந்த இந்திய அணியில் முதல் ஐவரில் ஒருத்தி. மதுரை, கோவை, லூதியானா என்று எங்கெங்கோ போய் ஆடியிருக்கிறாள். அவள் அப்பா ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை. எப்போதும் வண்டி குறுக்கே நிற்கும். கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தால் துடைத்து டிவி பக்கத்தில் வைப்பார், அவ்வளவுதான்.

இந்தப் போட்டி அவர் தினமும் வண்டி ஓட்டுகிற சாலைக்கே வந்துவிட்டது. காலை டிரிப்பை முடித்துவிட்டு, வண்டியைக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டு, காக்கிச் சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். சாயங்கால டிரிப்புக்குக் கல்பாக்கத்தில் வண்டி நிற்க வேண்டும். மாற்று ஆள் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. ஜெனி முதல் நாளே போனில் சொல்லியிருந்தாள்: “ஃபுல்லா வேணாம்ப்பா. மொத பால் தூக்கிப் போடுவாங்க பாரு, அது வரைக்குமாவது இரு.”

நான் மூச்சு வாங்க கேலரி ஏறினேன்.

“இன்னா ராணி, இன்னும் ஆரம்பிக்கல?” என்றார். கை கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

“கீழ எண்ணெ சிந்திருக்குண்ணா. நடுவுல.”

“வழுக்குதா?”

“வழுக்குது.”

“ரொம்பவா?”

“சும்மா நடந்தா தெரியாது. ஓடினா இழுத்துரும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னேன். “எடுக்கறதுக்கு நேரமாகும்ணா. நீ கெளம்பற நேரம் தாண்டிரும்.”

அவர் கீழே பார்த்தார். ஜெனி பந்தைத் தட்டிக்கொண்டே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பறம் இன்னாத்துக்கு எங்கிட்ட வந்து கேட்டுகினு நிக்கற?” என்றார் அண்ணன். “நிறுத்து போ. நம்ம புள்ள மட்டுமா ஆடுது?”

அதைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் படி ஏறினேன் போலிருக்கிறது. இறங்கி வந்து ஆணையரிடம் முடியாது என்று சொன்னேன். மைக்கில் அறிவித்தார்கள். கேலரியில் கூச்சல் எழுந்தது. செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பஜ்ஜிக்கு வைத்திருந்த மாவு

மரத்தளத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, ஊறினால் பலகை தூக்கிக்கொள்ளும். சோப்பும் கூடாது. எண்ணெயை உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். ‘மாவு கொண்டாங்க’ என்று கத்தினேன்.

அலங்காரக்காரர் பறந்து போய் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். வாசலில் கோலம் போட்ட மிச்சம். நல்லவேளை, கொட்டும் முன் பார்த்துவிட்டேன்.

“யோவ், அது கல்லுப் பொடிய்யா. தேச்சா தளம் பூரா கீறல் வுழும்.”

“மாவுன்னுதான மேடம் சொன்னீங்க” என்றார் பாவமாக.

கல்லூரி மெஸ்ஸில் சாயங்காலம் பிரமுகர்களுக்காக வாழைக்காய் பஜ்ஜி போட ஒரு மூட்டை கடலை மாவு பிரித்து வைத்திருந்தார்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் பிறந்த யாருக்கும் கடலை மாவின் மகிமை தெரியும். மெஸ் மாஸ்டர் மாவை அணைத்துக்கொண்டு நின்றார்.

“பஜ்ஜிக்கு நான் இன்னா பண்ணுவேன் மேடம்?”

“பிஸ்கட் குடுங்க” என்றேன்.

நடுவட்டம் முழுக்கக் கடலை மாவைத் தூவினோம். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் நிறம் கறுத்து, திட்டுத் திட்டாக ஈரம் காட்டியது. கூட்டி அள்ளினோம். மறுபடி தூவினோம். மறுபடி கூட்டினோம். அரங்கம் முழுக்க மாவு வாசனை. முதலுதவி டாக்டரிடமிருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, பலகை பலகையாகத் துடைக்க வேண்டியிருந்தது. என் முட்டி மடங்காது, நான் நின்றுகொண்டு விரட்டினேன்.

அப்போது பெமா தன் துண்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். அவள் ஏற்றிய திரியால்தான் இது ஆனதா என்று. யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கண் கலங்கியிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. “இல்லவே இல்ல கண்ணு, எங்க ஆளுங்க பேசின பேச்சாலதான் ஆச்சு” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து அவள் அணியே உட்கார்ந்தது. ஜெனியும் வந்து உட்கார்ந்தாள். பயிற்சியாளர்கள் இருவரும் பிள்ளைகள் உடம்பு ஆறிவிடும் என்று கத்தினார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் காக்கிச் சட்டை. அண்ணன் செருப்பைக் கேலரியிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்து, ஜெனி பக்கத்தில் மண்டி போட்டிருந்தார்.

“இங்கதான் ஆடுவியா?” என்று கேட்டார்.

“இங்கேருந்துதான்ப்பா ஆரம்பிக்கும்.”

“பெருசாத்தான் கீது.”

“நீ கைய அழுத்தாத. ஒரே பக்கமா இழு.”

“எனக்கு வண்டி தொடைக்கத் தெரியாதா?” என்றார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் துடைத்துக்கொண்டே போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் எழுந்தார். முட்டியில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டார். அவர் எழுந்ததுமே ஜெனிக்குப் புரிந்துவிட்டது. தலையைத் தூக்கவே இல்லை.

“இன்னும் ஒரு ஓரந்தாண்ணா, முடிஞ்சிரும்” என்றேன்.

“அங்க ஜனம் நிக்கும் ராணி” என்றார். ஜெனி தலையில் கையை வைத்து எடுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வாசலில் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அந்தக் கோபத்தில் அலங்காரக்காரரை இன்னொரு தடவை திட்டினேன்.

பந்து மேலே போனது

துடைத்து முடித்ததும் பெமாவை ஓடிவந்து நடுவட்டத்தில் நிற்கச் சொன்னேன். கீச். ஜெனியை இந்தப் பக்கமிருந்து ஓடிவரச் சொன்னேன். கீச். ஆணையர் என்னைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தேன். நடுவர் பந்தை மேலே தூக்கிப் போட்டார்.

ஜெனி ஆடினாள். எப்படிச் சொல்வது, யார் மேலோ கோபம் மாதிரி ஆடினாள். முதல் பாதியில் நம் அணி போட்டதில் பெரும்பங்கு அவளுடையது. மூலையிலிருந்து போட்டாள், குனிந்து உள்ளே புகுந்து போட்டாள். ஒவ்வொரு தடவை பந்து வளையத்துக்குள் போனபோதும் அவள் கண் கேலரியில் அந்தக் காலி இடத்துக்குப் போய் வந்தது. பூடான் பிள்ளைகள் சளைக்காமல் ஓடினார்கள், ஆனால் அனுபவம் போதாது. மூன்றாவது பகுதி முடியும்போது வித்தியாசம் பெரிதாகிவிட்டது. பயிற்சியாளர் மூத்த ஆட்டக்காரிகளை உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை இறக்கினார். ஜெனியும் தோளில் துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கூட்டம் கரைந்துகொண்டிருந்தது. சீஃப் கெஸ்ட் பிஸ்கட்டோடு போய்விட்டார்.

ஆட்டம் முடிய இன்னும் ஓரிரு நிமிஷமே இருந்தபோது, பின்வாசலில் சலசலப்பு. பார்த்தால் ஒரு கும்பல் உள்ளே வருகிறது. ஆண்களும் பெண்களுமாக, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்த முகங்கள். எல்லோருக்கும் பின்னால், கூச்சப்பட்டுக்கொண்டு, சாவியைக் கையில் வைத்தபடி என் அண்ணன்.

நடந்ததை அப்புறம் சொன்னார். பஸ்ஸில் ஓர் அம்மாள், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், போனில் இந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வர்ணனையில் ஜெனிபர் அந்தோணி, செங்கல்பட்டு, அப்பா பஸ் டிரைவர் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எழுந்து முன்னால் வந்து, “அண்ணாச்சி, இது ஒங்க மவளா?” என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், “பொறவு நீங்க இங்க என்ன செய்யுதீய?” என்று சத்தம் போட்டிருக்கிறார். ‘டியூட்டிம்மா’ என்றாராம் அண்ணன். அந்த அம்மாள் பஸ் ஜனத்தின் பக்கம் திரும்பி நின்று, கல்லூரி வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்த யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருக்கிறார். ரயில் பிடிக்க வேண்டிய ஒருவர் மட்டும் யோசித்துவிட்டு, அடுத்த வண்டியில் போய்க்கொள்கிறேன் என்றாராம்.

செயலாளர் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் அரங்கம் அதற்குள் பூட்டியிருக்கும்.

ஜெனி அப்பாவைப் பார்த்துவிட்டாள். துண்டைப் போட்டுவிட்டு எழுந்து பயிற்சியாளரிடம் ஏதோ சொன்னாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் மறுபடி சொன்னாள். அவர் கேலரியைப் பார்த்தார், காக்கிச் சட்டையைப் பார்த்தார், ஸ்கோர் எழுதுகிற மேசைக்குச் சைகை காட்டி ஆள் மாற்றம் கேட்டார்.

இறங்கின உடனேயே பந்தை இடைமறித்துப் பிடுங்கினாள். எதிரே ஒருத்தியும் இல்லை. தன்னந்தனியாக ஓடினாள். பஸ் ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. சின்னப் பிள்ளைகூடப் போடுகிற பந்து அது, வளையத்துக்குப் பக்கத்தில் போய்ப் பின்பலகையில் பந்தை மெல்லத் தொட்டுவிட வேண்டியதுதான். தொட்டாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

மணி அடித்தது. ஆட்டம் முடிந்தது.

பஸ் ஜனத்துக்கு அது கூடையா இல்லையா என்றே தெரியவில்லை, கைதட்டினார்கள். ஜெனி பனியனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நாம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தோம். ஜெயித்த அணியில் அவள் ஒருத்திதான் அழுதுகொண்டு நின்றாள்.

அண்ணனுக்கு நிற்க நேரமில்லை. ஜனத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனபோது ஜெனி எனக்கு முன்னால் ஓடிவிட்டாள். டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று தேம்பினாள்.

“நெறைய போட்டேன்ப்பா. அத்தைய கேளு. எல்லாமே போட்டேன். நீ வந்தப்பதான்...”

“தெரியும். அந்தம்மா போன்ல பாத்து சொல்லிகினே வந்துச்சு.”

“அது ஒண்ணுதான நீ பாத்த. அதப் போயி வுட்டுட்டேன்.”

அண்ணன் ஜன்னல் வழியாகக் குனிந்து அவள் முகத்தைத் துடைத்தார்.

“நீ போட்டதெல்லாம் ஊரே பாத்துச்சு” என்றார். “தவற வுட்டதப் பாக்க வூட்டு ஆளு ஒருத்தன் வோணாமா?”

ஜெனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரையே பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ, “அண்ணே, அடுத்த ட்ரெயினும் போயிரும் போல” என்றார்கள். அண்ணன் கியரைப் போட்டார்.